மூன்று வாரத்துப் பல்

1 ஆகஸ்ட் 1996, வியாழன்

பொள்ளாச்சிச் சந்தை மந்தம். ஆடிப்பட்டத்துக்கு எருது வேண்டியவன் ஆனியிலேயே வாங்கிவிட்டான். இப்போது வருகிறவன் ஒன்று அவசரக்காரன், இல்லை வேடிக்கை பார்க்கிறவன். பாலக்காட்டு வியாபாரி யூனுஸ் மட்டும் இரண்டு கறவை பிடித்துப் போனான். தரகு வேலைக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. மந்தமான நாளில் டீ குடிப்பதைத் தவிர வேறொன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

வீட்டில் வேறு சந்தை. மகள் மோகனப்பிரியாவின் நிச்சயதார்த்த வீடியோவை மூன்றாம் முறை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நான் வருகிற இடத்தில் எல்லாம் துண்டால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேனாம். "அப்பா, திருப்பூர்க்காரங்க உங்களுக்குப் பல்லே இல்லீன்னு நெனச்சுப்போடுவாங்க" என்கிறாள். என் மனைவி ராசாத்தாள் மகளுக்குப் பின்பாட்டு.

மேல்வரிசை முன்பல் நான்கும் பழுப்பு. பாதி போர்வெல் தண்ணிக் கறை, பாதி வெற்றிலைக் கறை. அதில் இரண்டின் முனையை ஒரு காங்கேயத்து எருது தலையை ஆட்டி உடைத்துவிட்டது, அது இரண்டு வருடக் கதை. மாட்டின் பல்லைப் பார்த்தே சோறு தின்கிறவன் நான். என் பல்லை எவனும் பார்க்கக் கூடாது என்றே இருந்துவிட்டேன். கல்யாணம் செப்டம்பர் ஒன்பது. திங்கட்கிழமை கோயமுத்தூர் போக வேண்டுமாம், டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. என்னைக் கேட்டுச் செய்யும் வழக்கம் இந்த வீட்டில் எப்போது இருந்தது?

5 ஆகஸ்ட், திங்கள்

காந்திபுரத்தில் மாடி மேல் ஆஸ்பத்திரி. டாக்டர் பெயர் லட்சுமிநாராயணன். நிதானமான ஆள். ஒரு பெட்டியைத் திறந்து வரிசையாகக் குட்டிக் குட்டிப் பற்களைக் காட்டினார். வெள்ளையில் இத்தனை வெள்ளை இருப்பது இன்றுதான் தெரியும். பல்லின் முன்பக்கத்தை நகத்தின் கனத்துக்கு ராவி எடுத்துவிட்டு, மேலே பீங்கான் தகடு ஒட்டுவாராம். வெனீர் என்று பெயர். தகடு சென்னையில் செய்து வர மூன்று வாரம். அதுவரை ராவின பல்லைத் திறந்துபோட முடியாது, டெம்பரரிப் பல் வைப்பேன் என்றார்.

"ஒருக்கா ராவுனா ராவுனதுதானுங்க. பழைய பல்லு திரும்ப வராது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நான் யோசிப்பதற்குள் பிரியா சரி என்றுவிட்டாள்.

பெயர், ஊர், தொழில் எல்லாம் எழுதிக்கொள்ள ஒரு நர்சுப் பெண் வந்தாள். பாதி முகத்துக்குத் துணி கட்டியிருந்தாள். கிணத்துக்கடவு என்றேன், எழுதினாள். மாட்டுத் தரகு என்றேன், பேனா நின்றது.

"பொள்ளாச்சிச் சந்தைங்களா சார்? எங்கய்யனும் ஒருக்கா அங்க எருது வாங்குனாருங்க. ஒத்தை எருது. செவலை."

"எந்தூரு அம்மணி?"

"கோவில்பாளையமுங்க. எங்கய்யன் பேரு மாசாணம். உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாதம்மணி. சந்தைக்கு ஆயிரம் பேர் வாராங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஆமாம் தெரியும், நல்லா இருக்காரா என்று கேட்டிருந்தால் அதோடு போயிருக்கும். வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் பிரியா பேசிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

மாசாணத்தைத் தெரியும். எண்பத்தாறில் என்னிடம் வந்தான். காலமெல்லாம் பிறத்தியார் தோட்டத்தில் கூலி வேலை செய்தவன், சொந்தமாக வண்டி ஓட்ட ஆசைப்பட்டான். வண்டி கிடைத்துவிட்டது, எருதுதான் வேண்டும். நான் காட்டியது அந்தச் செவலை. இப்போதுதான் கடை சேர்ந்தது என்றேன். எட்டுப் பல்லும் நிறைந்து, உழைக்கிற வயதுக்கு வந்த எருது என்று அதற்கு அர்த்தம். அவன் எருதின் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க பாத்தாப் போதுஞ் சாமி" என்றான். என் வாக்குக்கு மேல் அவன் கை வைத்துப் பார்த்தால் எனக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தான்.

எருது கிழடு. விற்றவன் அதன் பல்லை அரம் போட்டு ராவி, கொம்பையும் சுரண்டி இளசாக்கியிருந்தான். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. என் பங்கு அவ்வளவுதான்.

8 ஆகஸ்ட், வியாழன்

பல் ராவியாகிவிட்டது.

ஊசி போட்டதும் மேலுதடும் மூக்கும் யாருடையதோ போல் ஆகிவிட்டன. வலி இல்லை. சத்தம்தான். மண்டைக்குள்ளேயே அரைக்கிற சத்தம். பிறகு ஒரு வாடை வந்தது, கருகினதும் இல்லை கருகாததும் இல்லை. அந்த வாடை எனக்குத் தெரியும். எருதின் பல்லை ராவினால் அதேதான் வரும். எருதுக்கு ஊசி கிடையாது.

கண்ணைத் திறந்தால் மேலே விளக்கு, விளக்குக்குக் கீழே அந்தப் பெண்ணின் இரண்டு கண். எச்சில் உறிஞ்சும் குழாயை என் வாயில் பிடித்துக்கொண்டு நின்றாள். "பொற்கொடி, இன்னுங் கொஞ்சம் தண்ணி" என்றார் டாக்டர். பெயர் பொற்கொடி. "சித்த பொறுத்துக்குங்க சார், முடிஞ்சுபோச்சு" என்று என் தோளைத் தொட்டாள். மாசாணத்தின் மகள் கையில் என் வாய் திறந்து கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு அங்கேயே ஏதோ மாவைக் குழைத்து நான்கு டெம்பரரி செய்து ஒட்டினார். பாடம் வேறு. முன்பல்லால் எதையும் கடிக்காதீர்கள். வெற்றிலை கூடாது. மஞ்சள் போட்ட குழம்பு கறையாக்கும், பார்த்துத் தின்னுங்கள். நாக்குக்குத் தடிப்பாகத் தெரியும், இரண்டு நாள் பேச்சு குழறும், ஈறு கொஞ்சம் எரியும். பல் கழன்று விழுந்தால் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். "அப்புறம், சில்லுன்னு எது பட்டாலும் கூசும். ராவுன பல்லுக்கு அது சகசம். பயப்படாதீங்க."

வீட்டுக்கு வந்து மரப்பு விட்டதும் பானைத் தண்ணி ஒரு மடக்குக் குடித்தேன். பல்லில் பட்டதும் தலை தானாகப் பின்னால் போய்விட்டது. சொம்பு கையை விட்டு விழுந்து உருண்டது. ராசாத்தாள் பயந்துபோனாள்.

9 ஆகஸ்ட், வெள்ளி

தண்ணி குடிக்கப் பயமாக இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் தண்ணிக்குப் பயந்தவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

எருது வாங்கிப் போன நான்காம் நாள் மாசாணம் நடந்தே வந்தான். "சாமி, எருது தண்ணியில வாய வெச்சதும் தலைய உதறுதுங்க. வைக்கலுந் திங்க மாட்டேங்குது" என்றான். அப்போது அது எனக்கு விளங்கவில்லை. கிழட்டு எருது, குணம் காட்டுகிறது என்று நினைத்தேன். நேற்றுச் சொம்பு உருண்டபோதுதான் விளங்கியது. பத்து வருடம் கழித்து.

13 ஆகஸ்ட், செவ்வாய்

சந்தைக்குப் போனேன். பேச்சு இன்னும் கொஞ்சம் குழறுகிறது. துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிற தொழிலில் நாக்கு குழறினால் பெரிய நட்டம் இல்லை. ஆனால் எல்லோர் கண்ணும் என் வாயில்.

யூனுஸ் தோளில் கை போட்டு, "தனபாலண்ணே, யாரு உங்களுக்குப் பல்லு ராவுனது? நல்ல கைவேலைக்காரன். இனி உங்கள நாலு பல்லு எளங்காளைன்னு சொல்லி வித்துறலாம்" என்றான். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள், விற்கிற மாட்டைப் பிடித்துத்தானே பார்ப்பார்கள்.

எதிரில் கட்டியிருந்த எருதுகள் எல்லாம் தொட்டியில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தன. எது தலையை உதறுகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் உதறவில்லை. அப்படியும் நகர முடியவில்லை.

15 ஆகஸ்ட், வியாழன்

பிரியா கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினாள். "அப்பா, பத்து வயசு குறஞ்சுபோச்சு போங்க."

பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன். பிள்ளை என்ன தப்பு செய்தாள், பாவம்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

பழக்கம் விடாது. மூக்கணாங்கயிற்றின் முடிச்சு இறுகிக் கிடந்தது, பல்லால் கவ்வி இழுத்தேன். முடிச்சு வந்தது, பல்லும் வந்தது. சாணியிலும் வைக்கோலிலும் கால்மணி நேரம் குனிந்து தேடினேன். கிடைத்தது. பொட்டலம் கட்டிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். பல் இல்லாத இடத்தில் காற்றுப் பட்டாலும் கூசுகிறது.

21 ஆகஸ்ட், புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும். நாளைக்கு மாற்றி எழுதிவிடுவேன்.

டாக்டர் பக்கத்து அறையில் ஒரு பிள்ளைக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். பொற்கொடி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, வாய் கொப்பளிக்கத் தண்ணி கொடுத்தாள். மறந்துபோய் வாயில் ஊற்றினேன். தலை வெட்டிப் பின்னால் போனது. தண்ணி சட்டையெல்லாம்.

அவள் அசையாமல் நின்றாள். பிறகு துணி எடுத்துத் துடைத்துக்கொண்டே, "எங்க எருது இப்படித்தானுங்க சார் தலைய உதறும்" என்றாள்.

அவளாகவே சொன்னாள். எருது வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. தண்ணி காட்டுவது அவள் வேலை. நாலு நாள் குடிக்காமல் தலையை உதறியதும் அவள் அப்பன் போய் யாரோ பெரியவரைக் கேட்டானாம். ஒதுங்கி இருக்க வேண்டிய நாளில் வீட்டுப் பெண் யாராவது தொட்டியைத் தொட்டிருப்பார்கள் என்று அவர் சொல்லிவிட்டாராம். வீட்டில் பெண் என்றால் அவளும் அவள் ஆத்தாளும்தான். அந்த மாதம்தான் அவள் வயதுக்கு வந்திருக்கிறாள்.

"எங்கய்யன் என்னிய அடிக்கலீங்க. அடிச்சிருந்தா மறந்திருப்பேன். தொட்டிய ஒடச்சுப்போட்டு வேற தொட்டி வெச்சாரு. அதுலயும் எருது குடிக்கல. எலும்புந்தோலுமாப் போயி, தேங்கா பாரத்தோட மேட்டுல விழுந்துபோச்சுங்க. வண்டி எங்கய்யன் இடுப்பு மேல. இன்னிக்குவரைக்கும் கட்டில்லதானுங்க இருக்காரு."

ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "எஞ் சம்பளத்த வாங்கிக்குவாருங்க. எங்கையால தண்ணி மட்டும் வாங்கிக் குடிக்க மாட்டாரு. ஆத்தாதான் குடுக்கோணும்."

பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். "இங்க வேலைக்கு வந்ததுல இருந்து மனசுல ஒண்ணு ஓடிட்டே இருக்குதுங்க. டெம்பரரி வெச்சவங்க எல்லாரும் தண்ணி பட்டா இப்படித்தான் உதறுறாங்க. நீங்க மாட்டு யாவாரம் தெரிஞ்சவங்க. மாட்டுப் பல்லையும் ராவுவாங்களா சார்?"

அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"அப்படியெல்லாம் யாருஞ் செய்ய மாட்டாங்க அம்மணி" என்றேன்.

"சரிங்க சார்" என்றாள். டாக்டர் வந்தார், பல்லை ஒட்டினார். கயிறு கடிக்காதீர்கள் என்று சிரித்தார்.

23 ஆகஸ்ட், வெள்ளி

இந்த டைரியிலும் பொய் எழுதியிருக்கிறேன். ஐந்தாம் தேதிப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். விற்றவன் ராவியிருந்தான் என்று எழுதியிருக்கிறது. யாருக்காக எழுதினேன் அதை? கொப்பரை மண்டிக்காரர் ஓசியில் கொடுத்த டைரி, பூட்டி வைப்பது என் பெட்டியில். என்னைத் தவிர ஒரு நாதியும் படிக்காது.

விற்றவன் ராவவில்லை. நான்தான் ராவினேன். சந்தைக்கு முதல் நாள், எங்கள் தோட்டத்துச் சாளைக் குடிசைக்குள். எருதைக் கீழே தள்ளிக் கட்டி, வாயில் கட்டை கொடுத்து, அரத்தை எடுத்தேன். அதற்குமுன் ஏழெட்டு மாட்டுக்குச் செய்திருக்கிறேன். அந்தக் காலத்தில் என் கை சுத்தம் என்று விற்கிறவர்கள் தேடி வருவார்கள். அப்போது அதில் எனக்குப் பெருமை. பல் ராவி முடித்ததும் எருது கட்டையைத் துப்பிவிட்டு என்னையே பார்த்தது. நான் பீடி பற்றவைத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் இரண்டு நாள் ஆயிற்று.

அந்தப் பெரியவர் நான்தான்.

நான்காம் நாள் மாசாணம் வந்து நின்றபோது எனக்கு அவசரம். எருதைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவானோ என்று பயம். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "வூட்டுல பொம்பளைங்க யாராச்சும் தீட்டோட தொட்டியத் தொட்டிருப்பாங்க, போயி வெசாரிச்சுப் பாரு." அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அவன் போனதும் சிரித்தேன். நன்றாகத் தப்பித்தோம் என்று சிரித்தேன்.

அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? சொல்லியிருப்பேன். பொய் எழுதக் கூடாது என்று ஆரம்பித்துவிட்டு மறுபடி என்ன பொய்?

26 ஆகஸ்ட், திங்கள்

ராசாத்தாளிடம் சொன்னேன். பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள், கை நிற்கவில்லை.

"அந்த அரத்தத் தேடினீங்களே, ஞாபகமிருக்குதுங்களா? தொலஞ்சுபோச்சுன்னு நெனச்சீங்க. நாந்தான் கெணத்துல போட்டேன். அந்தாளு இடுப்பு ஒடஞ்ச சேதி வந்த அன்னிக்கு."

பத்து வருடம். ஒரு நாள், ஒரு பேச்சில் காட்டவில்லை. அதற்குப் பிறகு நான் வேறு அரம் வாங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது நல்ல புத்தியால் அல்ல, பயத்தால்.

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "கல்யாணம் முடியட்டுமுங்க" என்றாள். "சம்பந்தி காதுக்குப் போனா நம்ம புள்ளைதான் அங்க போயித் தலை குனியோணும்." அவள் சொல்வதில் தப்பு இல்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் வாழ்க்கை.

அங்கேயும் ஒரு பெண்தான். அவளுக்குப் பதின்மூன்று.

29 ஆகஸ்ட், வியாழன்

பீங்கான் வந்துவிட்டது. டெம்பரரி நான்கையும் டாக்டர் கழற்றினார். வேண்டாம் என்றாலும் கேட்காமல் கண்ணாடியில் காட்டினார். மெலிந்து மஞ்சளாய் நான்கு குச்சி. என் வாய் என்று நம்ப முடியவில்லை. தகட்டின் ஓரத்தைச் சரி செய்து வருகிறேன் என்று உள்ளே போனார்.

பொற்கொடி பக்கத்தில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள். பேசினால் காற்று பட்டுக் கூசுகிறது. பேசினேன்.

"அம்மணி, அன்னிக்குக் கேட்டீங்களே. ராவுவாங்க. உங்கய்யனுக்கு அந்தச் செவலைய வாங்கிக் குடுத்தது நாந்தான். பல்ல ராவுனதும் நாந்தான். தொட்டியத் தொட்டிருப்பாங்கன்னு சொன்னதும் நாந்தான்."

அவள் கையில் பஞ்சு அப்படியே இருந்தது. துணிக்கு மேல் கண் மட்டும்தான் தெரியும், அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது? மாட்டைப் பார்த்து மனசு சொல்லுகிறவன் என்று எனக்கு ஊரில் பெயர். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் வந்துவிட்டார். அவள் குழாயை எடுத்து என் வாயில் பிடித்தாள். ஒரு மணி நேரம் பிடித்திருந்தாள். ஒரு தடவைகூட ஈறில் இடிக்கவில்லை. இடித்திருக்கலாம்.

வேலை முடிந்து வெளியே வந்ததும் படிக்கட்டுவரை வந்தாள்.

"எனக்குச் சொன்னா என்னங்க ஆகும்? எங்கய்யன்கிட்டச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம நான் ஊட்டுல இருப்பேன். நான் இருக்கறப்பச் சொல்லோணும்."

சார் என்று சொல்லவில்லை.

1 செப்டம்பர், ஞாயிறு

போகவில்லை. சம்பந்தி திருப்பூரிலிருந்து வந்துவிட்டார் என்று எழுதலாம். அவர் வந்தது பொழுது சாய்ந்த பிறகு.

3 செப்டம்பர், செவ்வாய்

புது நிலம் வாங்கிய ஒருவன் ஒரு சோடி எருது கேட்டு வந்தான். நல்ல எருதுகள், ஒரு குறையும் இல்லை. பல்லைப் பாருங்கள் என்றேன். "நீங்க பாத்தாப் போதுங்க" என்றான். அவன் கையைப் பிடித்து இழுத்து எருதின் வாயில் வைத்தேன். "நீங்களே பாருங்க, நீங்கதான் பாக்கோணும்" என்று கத்திவிட்டேன். பயந்துபோய் வேறு தரகரிடம் போய்விட்டான். யூனுஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

புதுப்பல் பளிச்சென்று இருக்கிறது. கூச்சம் சுத்தமாக இல்லை. தண்ணி எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் குடிக்க முடிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் எல்லாம் மறந்து பழையபடி ஆகிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

8 செப்டம்பர், ஞாயிறு

மண்டபத்து மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே சமையல்காரர்கள் சத்தம். நாளைக் காலை முகூர்த்தம்.

விடிந்ததும் ராசாத்தாளிடம் போகிறேன் என்றேன். எங்கே என்று கேட்கவில்லை. "பத்து மணிக்குள்ள வந்துருங்க. முகூர்த்தக்கால் நடோணும்" என்றாள். வண்டிச் சாவியை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

கோவில்பாளையத்தில் வாய்க்காலைத் தாண்டி, கடைசித் தெரு. அந்தத் தெருவுக்குள் இன்றுதான் முதல் தடவை போகிறேன். வாசலில் கட்டில். மாசாணம் பாதியாகிவிட்டான். பக்கத்தில் அவன் மனைவி ராசம்மாள் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். பொற்கொடி கதவடியில் நின்றாள். துணி கட்டாத முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். சின்னப் பெண். அவளைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"யாருங்க?"

"தனபால். சந்தையில தரகு."

"சாமீ, நீங்களா" என்று எழுந்திருக்கப் பார்த்தான். இடுப்பு எழவில்லை. வேண்டாம் என்று சொல்லி நின்றபடியே ஆரம்பித்தேன். அவன் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். "காது மந்தமுங்க. சத்தமாச் சொல்லோணும்" என்றாள் ராசம்மாள்.

ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், மெதுவாக அவன் காதோடு சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று. கத்த வேண்டியதாகிவிட்டது. எருதின் பல்லை நான்தான் ராவினேன் என்று கத்தினேன். என்னங்க என்றான். மறுபடி கத்தினேன். மூன்றாம் தடவைக்குத் தெருவில் பத்துப் பேர் நின்றார்கள். அதில் ஒருவன் இந்த மண்டபத்தில் வாழைமரம் கட்டுகிறவன். கையில் கொடுவாளோடு நின்று கேட்டான். இந்நேரம் கீழே கதை நடக்கும். செவ்வாய்க்கிழமை சந்தை முழுக்கத் தெரிந்துவிடும். சம்பந்திக்கு எப்போது தெரியுமோ, இன்றைக்கா, நாளைக்கா. பிரியாவுக்கு நானே சொல்ல வேண்டும், இதை எழுதி முடித்ததும்.

மாசாணம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு கேட்டான். "அப்ப எருதுக்கு வயசு எத்தனைங்க சாமி?"

"பன்னெண்டுக்குக் கொறையாதுங்க. பல்லெல்லாம் தேஞ்சு போனதுங்க." அவனிடம் 'ங்க' போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. நினைத்துச் செய்யவில்லை, தானாக வந்தது.

"தொட்டியில ஒண்ணும் இல்லீங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க. ராவுன பல்லுல தண்ணி பட்டாக் கூசுமுங்க. அதான் உதறுச்சு. நான் உங்ககிட்டச் சொன்னது பொய்யிங்க."

இதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன். திட்டுவான் என்று நின்றேன். எதையாவது எடுத்து எறிந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவன் என் பக்கமே திரும்பவில்லை. உதடு வறண்டிருந்தது, நாக்கால் தடவிக்கொண்டான். ராசம்மாள் முறத்தை வைத்துவிட்டுச் சொம்பை எடுக்க எழுந்தாள்.

"நீ இரு" என்றான். "கண்ணு, நீ கொண்டா."

பொற்கொடி உடனே அசையவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். பிறகு உள்ளே போய்ச் சொம்பை நிறைய மொண்டு வந்தாள். அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். முழுச் சொம்பும் குடித்தான், நிறுத்தாமல். மார்பெல்லாம் வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

எனக்கும் நாக்கு வறண்டுபோயிருந்தது. தண்ணி வேணுங்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குடித்திருப்பேன்.